அக்கா திரும்பிப்போன நாள்

எங்கள் பேண்டேஜ் துணிப் பட்டறையின் மொட்டைமாடியில் அன்று காலை நிற்க இடமில்லை. தறிக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தபந்தமும் வடக்கே பார்த்தபடி நின்றார்கள். அப்பா வந்தவர்களுக்கெல்லாம் கலர் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எண்பதுகளில் இராஜபாளையத்துப் பெண் ஒருத்தி விமானம் ஓட்டப் போனது சின்னச் செய்தி இல்லை. கோயம்புத்தூரில் பழகிக்கொண்டிருந்த என் அக்கா, அன்று தனியாக மதுரை வந்து இறங்கி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

லீவுக்கு வரும்போது அவள் சொல்வதெல்லாம் எங்களுக்குச் சப்பென்று இருக்கும். கிளம்புமுன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பெட்ரோலைக் கொஞ்சம் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மேகத்துக்குள் நுழையவே கூடாதாம். நுழைந்தால் மேல் எது, கீழ் எது என்று உடம்புக்கே தெரியாமல் போய்விடுமாம். வீரக்கதை கேட்க உட்கார்ந்த அப்பாவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வெயில் ஏறியும் விமானம் வரவில்லை. கீழே தொலைபேசி அடித்தது. மதுரையிலிருந்து அக்கா. பாதி வழி வந்ததாகவும், மலைப்பக்கம் மேகம் தாழ இறங்கியதால் திரும்பிப்போய் இறங்கிவிட்டதாகவும் சொன்னாள்.

"இங்க நல்லா வெயிலடிக்குதேட்டி" என்றார் அப்பா. அவள் என்ன சொன்னாளோ, "இம்புட்டுப் பேரு நிக்காக. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மாடி ஏறுவேன்?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

கூட்டத்தில் யாரோ, பிள்ளை பயந்துவிட்டாள் போல என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் அப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பயிற்சியை நிறுத்தி அவளை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். லைசென்ஸுக்கு இன்னும் சில மணி நேரம் பறந்தால் போதும் என்ற நிலை. அம்மா கெஞ்சினாள். அக்கா கெஞ்சவில்லை, தான் செய்தது சரி என்று மட்டும் சொன்னாள். தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் விமானச் சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு ஓடும்போது அவள் மட்டும் அடுப்படியை விட்டு வரமாட்டாள்.

தொண்ணூறுகளில் அப்பா சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வந்தார். அதுதான் அவருக்கு முதல் தடவை. மதுரைக்கு மேலே மழைமேகம். இறங்க முடியாதென்று அறிவித்துவிட்டு விமானி சென்னைக்கே திருப்பிவிட்டார். மறுநாள் ரயிலில் வந்த அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கி அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"அந்தப் பைலட்டும் திரும்பிட்டாம்மா. அவனப் பயந்தவன்னு ஒருத்தரும் சொல்லல. கையெடுத்துக் கும்பிட்டாக" என்றார். பிறகு, மறுபடியும் போகிறாயா, நான் அனுப்புகிறேன் என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி எங்கே போவது என்றாள் அக்கா.

"அன்னைக்கு நான் பயந்தது நெசந்தாம்ப்பா. பயம் வந்தாத் திரும்பிரணும்னுதான் அங்க சொல்லிக் குடுத்தாக. அத நீங்க ஒரு தடவ எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு அப்பா உயிரோடு இருந்தவரை, அவளை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "எம் மக, பிளேன் ஓட்டுனவ" என்பார்.

"ஓட்டப் பழகுனவ" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் திருத்துவாள்.