டெஸ்ட் முடியட்டும், பிறகு வருகிறேன்

அன்பரே, மருத்துவர் குறித்துக் கொடுத்த ஒரு நாளைக் கடைசியாக எதற்காகத் தள்ளிப்போட்டீர்கள்? அதன் உண்மையான காரணத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொன்னீர்களா?

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பது என் தொழில்; வெட்டுபவர் ஒருவர், வெட்டப்படுபவர் ஒருவர், இருவரின் கோபத்தையும் வாங்குபவர் நடுவில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் எழுத்தர். சிட்னியில், பரமட்டாவுக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்கு ஒன்றாக அட்டைகள் அடுக்கிய மரப்பெட்டியின் பின்னால் இருக்கிறேன். மேசையின் எந்தப் பக்கத்தில் நின்று துன்பப்பட்டவரானாலும் நீங்கள் என் உறவினரே. வரும் கோடையில் இங்கிலாந்து அணி மறுபடி இங்கே ஆட வருகிறது. அதனால்தான் சென்ற முறை அது வந்தபோது நடந்தவற்றை எழுதுகிறேன்.

ஆட்ட அட்டவணை

ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக 'ஆஷஸ்' என்னும் ஒரு பிடி சாம்பலுக்காகக் கிரிக்கெட் ஆடுகின்றன என்பதை நான் அறிந்தது அந்த ஆண்டில்தான். பிரிஸ்பேன், பேர்த் என்று ஊர் ஊராக ஆறு டெஸ்ட் போட்டிகள், ஒவ்வொன்றும் ஐந்து நாள். அட்டவணை செய்தித்தாளில் வந்த காலையில் தொடங்கிய தொலைபேசி மணி மாலைவரை ஓயவில்லை. மூலம், முழங்கால், மூக்குச் சதை என்று எல்லா நோய்களும் கோடை முடியும்வரை பொறுத்திருக்கச் சம்மதித்தன.

பித்தப்பையில் கல் வைத்திருந்த ஒருவர் மட்டும் முந்திய தேதி வேண்டுமென்றார். கடமையுணர்வு உள்ளவர் என்று மகிழ்ந்து, வலி அதிகமோ என்று விசாரித்தேன். அவர் சொன்னார்: "வலி ஒன்றும் இல்லை. முதல் டெஸ்டுக்கு முந்தின வாரம் வெட்டிவிட்டால் ஐந்து நாளும் படுத்தபடி பார்க்கலாம். புல் வெட்டச் சொல்ல மனைவிக்கு வாய் வராது."

அட்டமி, நவமி

இவை எனக்குப் புதுமையாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் நான் இதே வேலை பார்த்தவன். அங்கே அட்டமியில் கத்தி வைக்க ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். ராகு காலத்தில் வாசற்படி ஏறமாட்டார்கள். ஒருவருடைய நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் தேதியை மாற்றிக் கொடுப்பதே பண்பு என்று பழகியிருந்தேன். சிட்னிக்கு வந்தபின், இவர்களுக்கு டெஸ்ட் நாள்கள்தான் விலக்கப்பட்ட நாள்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, சுவர் நாட்காட்டியில் ஆறு இடங்களில் சிவப்புக் கட்டம் போட்டேன்.

கண் வார்டில் தாதியாக இருந்த யோகேஸ்வரி எங்கள் பக்கத்துச் சாவகச்சேரிப் பெண். ஒருநாள் அட்டைகளை எடுக்க வந்தவள் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "சிவா அண்ணை, ஊரிலை அட்டமி நவமி, இஞ்சை பிரிஸ்பேன் பேர்த். எங்கை போனாலும் உங்களுக்குப் பஞ்சாங்கம் ஒண்டு வேணும்."

வேலிக்கு இரு புறமும்

ஆர்தரும் கெவினும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஆர்தர் இங்கிலாந்திலிருந்து வந்து ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர். கெவின் சிட்னியிலேயே பிறந்த குழாய் பொருத்துநர். இருவரின் அட்டைகளும் என் பெட்டியில் இருந்தன. கெவினுக்குக் குடலிறக்கம், அது பொறுக்கும். ஆர்தருக்குக் கண்ணில் அழுத்த நோய். இடக்கண் முன்னரே போய்விட்டது. வலக்கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து கேட்கவில்லை. 'விரைவில்' என்று மருத்துவர் அட்டையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். சிகிச்சைக்குப் பின் இரு கண்களையும் சில நாள் கட்டிவைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவருக்கு நான் குறித்த நாள் பிரிஸ்பேன் டெஸ்டின் நடுவில் விழுந்தது.

இருவரும் கெவினின் வாகனத்தில் ஒன்றாக வந்தார்கள். ஒருவர் கட்டிலில் கிடக்க மற்றவர் ஆட்டம் பார்ப்பதை இருவருமே ஏற்கவில்லை. 'விரைவில்' என்றுள்ள அட்டையின் தேதியை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பது விதி. இரண்டு வாரம்தானே என்று எண்ணி, கேட்காமலே மாற்றினேன். ஆர்தர் எனக்கு நன்றி சொன்னார். எவரையும் 'மேட்', அதாவது தோழா, என்றழைக்கும் கெவின் சொன்னார்: "அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தோற்க வேண்டும், மேட். அதைப் பார்க்கத்தான் நான் என் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு திரிகிறேன்."

தோற்பவரின் மரியாதை

பிரிஸ்பேனில் இங்கிலாந்து தோற்றது. அது ஒன்றையாவது வெல்லட்டும், பிறகு வருகிறேன் என்று ஆர்தர் தொலைபேசியில் சொன்னார். பேர்த்திலும் தோற்றது. மெல்பேணில் வெற்றி தோல்வி இல்லை. சிட்னியில் மறுபடி தோல்வி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார்; நானும் தாழ்ந்த குரலில் தேதியை அடித்து வேறொன்று எழுதினேன். இருவருமே நல்லவர்களாக நடந்துகொண்டோம்.

கண் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். ஓரங்களில் கொஞ்சம் மங்கல், நடுவில் பிழையில்லை என்றார். அந்த மங்கல் உள்ளே நகர்ந்து வருவது என்பதும், போன பார்வை திரும்பாது என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. ஆயினும் அட்டை மருத்துவரிடம் போகாமல் என் கையிலேயே இருந்தது. இம்முறையாவது வந்துவிடக் கூடாதா என்றேன். அவர் சொன்னார்: "நம்மவர்கள் தோற்றுக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது மரியாதையில்லை, மிஸ்டர் சிவா."

கையொப்பம்

அடிலெயிட்டிலும் இங்கிலாந்து தோற்ற பிறகு இருவரும் நேரில் வந்தார்கள். புதிய படிவம் ஒன்றில் ஆர்தர் ஒப்பமிட வேண்டியிருந்தது. பேனாவை நீட்டினேன், அவர் கை அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றது. கெவின் அந்தக் கையைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார். கோட்டில் தொடங்கிய பெயர் மேசைவிரிப்பில் முடிந்தது.

ஆர்தரைக் கதிரையில் இருத்திவிட்டுக் கெவின் என்னிடம் தனியாக வந்தார். வழக்கமான கேலி முகம்தான், ஆனால் என்னைப் பார்க்காமல் பேசினார்: "பந்து எங்கே போகிறது என்று கொஞ்ச நாளாக நான்தான் அவனுக்குச் சொல்கிறேன், மேட். பாதி பொய். உன் ஆள் நான்கு அடித்தான் என்பேன், அவன் அவுட்டாகிப் போய்க்கொண்டிருப்பான். இவன் கை தட்டுகிறான்."

நான்கு கோடுகள்

அன்றே அட்டையை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனேன். என் கையால் அடிக்கப்பட்ட தேதிகள் நான்கு. எதிரே, காரணம் எழுதும் இடத்தில், என் திருத்தமான கையெழுத்தில் 'கிரிக்கெட்' என்று நான்கு முறை. ஆர்தரை உடனே வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு, முகத்தில் கோபமே இல்லாமல் மருத்துவர் கேட்டார்: "அவர் பயந்தார், சாக்குச் சொன்னார், அது எனக்குப் புரிகிறது. என் அறை உன் மேசையிலிருந்து இருபது அடி. உனக்கு என்ன தடை இருந்தது?"

மெல்பேணில் கடைசி நாள்

இரண்டு நாளில் சிகிச்சை நடந்தது. கட்டைப் பிரித்தபோது வெளிச்சம் எது, நிழல் எது என்று ஆர்தரால் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் இல்லை. கெவினும் அதே வாரம் தன் குடலிறக்கத்துக்குக் கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுபடி மெல்பேணில் நடந்த கடைசி டெஸ்டின் முடிவு நாளில், வயிற்றுத் தையலைப் பிடித்தபடி அவர் கண் வார்டுக்கு நடந்து வந்து, தொலைக்காட்சி முன்னால் ஆர்தருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பந்தையும் சொன்னார். நானும் யோகேஸ்வரியும் பின்னால் நின்றோம். அவர் சொன்னது ஒன்றும் திரையில் நடந்ததற்கு மாறாக இல்லை.

இங்கிலாந்து பெருவெற்றி பெற்றது. ஆர்தர் கெவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, உண்மையைத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். கெவின் சொன்னார்: "நாங்கள்தான் தோற்றோம், ஆர்தர். பொய் சொல்வதென்றால் இதையா சொல்வேன்?"

கோடை முழுதும் எவர் மனதையும் புண்படுத்தாத எழுத்தர் என்று நான் பெயரெடுத்தேன், அதற்கு விலையாகப் போனது இன்னொருவர் கண் என்பதால் அப்பெயர் எனக்கு மலிவாகவே கிடைத்தது. ஆகவே என்னைப்போல் மேசைக்குப் பின்னால் இருப்பவரே, உம் பெட்டியில் மருத்துவர் காணாமல் மாற்றிய அட்டை ஏதேனும் இருந்தால் இப்போதே எழுந்துபோய் அவரிடம் காட்டும்; மேசைக்கு முன்னால் நிற்பவரே, தள்ளிப்போட்ட மருத்துவமனைக் கடிதம் வீட்டில் கிடந்தால், நாளைக்கு என்று சொல்லாமல், இன்று அலுவலகம் மூடுவதற்குள் தொலைபேசியை எடுத்து, "வருகிறேன்" என்று சொல்லிவிடும்.