உத்தரவை எழுதியவர் மகன்

2025 மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. வெளியே ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், காற்று அதிகம். டெக்சாஸில், ஃபிரிஸ்கோ ஊரில் ஒரு கோயிலின் பின்கூடத்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேர். என் பேரன் என்னிடமிருந்து நான்கு நாற்காலி தள்ளி, என்னோடு நடக்க வரும் இன்னொரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவரும் என்னைப் போல மகன் வீட்டுக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் ஊர் மில் வேலைநிறுத்தத்தைப் போலீசால் அடக்க முடியாமல் பட்டாளத்தை அழைத்தார்கள். அதில் அவர் அப்பா சிப்பாய். என் அப்பா மாஜிஸ்திரேட்டிடம் குமாஸ்தா. இந்தச் சம்பந்தம் டெக்சாஸ் வந்து, சேர்ந்து நடக்கப் போனபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என் பேரனுக்கு அவர் ‘ஆர்மி தாத்தா’. நான் வெறும் தாத்தா.

அன்று பெரியவர்கள் கதை சொல்லும் நாள். பட்டாள லாரிகள் வந்ததையும் கூட்டம் திகைத்து நின்றதையும் அவர் சொன்னார். சுட்டதைச் சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், கடைசியாக நிறுத்தியவன் என் பேரன்.

எழுந்துவிட்டேன்.

“போலீஸ் கூப்பிட்டா மட்டும் பட்டாளம் சுட்டுட முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். அதை எழுதினது எங்கப்பா. அந்தக் காகிதம் இல்லன்னா இவரோட அப்பா துப்பாக்கியைத் தூக்கியிருக்கவே முடியாது.”

“ஷூட் பண்ணாங்களா? டிட் எனிபடி டை?” என்றான் பேரன்.

கணக்கு கேட்டால் என் வாய் நிற்காது. “ஒன்பது குண்டு. மூணு பேர்.”

“ஸோ, யுவர் டாட் டிட் தட்?” என்று என்னைப் பார்த்தான்.

அவர் அவன் தோளில் கை வைத்தார்.

“இல்லடா கண்ணா. சுட்டது எங்கப்பா. தாத்தாவோட அப்பா, மாஜிஸ்திரேட் சொன்னதை எழுதினாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் எந்த மில் சங்கு ஊதினாலும் எங்கப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துடுவாரு.”

பேரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். பழியையும் இவரே எடுத்துக்கொண்டாரே என்றுதான் எரிந்தது.

வாசலில் அவர் மகன் காரை நிறுத்தினார். “அங்கிள், ஏறுங்க, டிராப் பண்றேன்.” பேரன் அதற்குள் அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

“இடம் இருக்கு சார், வாங்க” என்று அவர் நகர்ந்தார்.

“நீங்க போங்க. எனக்கு வேலை இருக்கு.”

எனக்கு என்ன வேலை? அறுநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன், நடைபாதை முடிந்துவிட்டது. போனில் டாக்ஸி கூப்பிட்டேன். ஆறரை மைல், டிப்ஸ் உட்பட இருபத்தாறு டாலர் நாற்பது சென்ட்.