ஆயாக் கொட்டகையில் ஓர் அஞ்சல் எந்திரம்

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து வெந்நீர் போட்டுக் குளித்தேன். பெரட்டு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்கு, முடிந்து கொழுந்தெடுக்கும் ஆட்கள் லோரியில் ஏறிப் போன பிறகு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். ஏழரைக்குச் சங்க அலுவலகத்தைத் திறந்து, மேசையைத் துடைத்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனிநீரை வழித்துவிட்டு, மெயின் சுவிட்சை மேலே தள்ளினேன். அதுவரை எல்லா நாளும் போலத்தான்.

எங்கள் சங்கம், தேயிலை வேலையை விட்டுப் பூவுக்கும் காய்கறிக்கும் மாறிய குடும்பங்களின் கூட்டுறவு. நான் செயலாளர். முன்பு தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதியவன் என்பதால் எல்லோருக்கும் இன்னும் ‘கிராணி’தான். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, பழைய ஆயாக் கொட்டகையில் அலுவலகம் நடக்கிறது. அம்மாக்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபோது பிள்ளைகளை விட்டுச்சென்ற பலகை வீடு அது. பால்மாவு டின்கள் இருந்த உள்ளறையில் இப்போது எங்கள் அஞ்சல் எந்திரம் இருக்கிறது.

அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். சங்கத்துக்கு இருந்தது ஒரே ஓர் இலவச மின்னஞ்சல் முகவரி. அதன் கடவுச்சொல் உறுப்பினர் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர் திறந்து படித்துவிட்டால், யாரோ பதில் போட்டிருப்பார்கள் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரே விசாரிப்புக்கு மூன்று பேர் மூன்று விலை சொன்னார்கள். போதாததற்கு, நாங்கள் அனுப்பியவற்றில் பாதி சிங்கப்பூர்க்காரர்களின் குப்பைப் பெட்டியில் போய் விழுந்தது. அதனால் சங்கத்தின் பெயரிலேயே முகவரி, ஆளுக்கொரு பெட்டி, அவற்றைத் தாங்க எங்களுக்கே ஒரு சர்வர் என்று முடிவானது.

எனக்குத் திட்டம் போடுவது பிடிக்கும். நிலையான இணைய எண் வாங்கினேன். கடிதம் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்பதை எதிர்ப்பக்க எந்திரம் சரிபார்த்துக்கொள்ளும் பதிவுகளை எழுதினேன். தினமும் ஒரு நகல் எடுக்க ஏற்பாடு செய்தேன். எந்திரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கூட்டம் களைகட்டியது.

“சில்லுன்னு இருக்கணும்னா பூ வைக்கிற கூல் ரூம்ல வைங்க லா, கிராணி.”

“அங்க வச்சா மெஷினுக்குச் சளி புடிச்சுக்கும். நீ வந்து தைலம் தேய்ப்பியா?” என்றார் இன்னோர் உறுப்பினர்.

இன்னொரு சிக்கல் மின்சாரம். எங்கள் ஜாகா, அதாவது காவலும் சுத்தமும் பார்ப்பவர், மாலையில் எல்லோரும் போனதும் மெயினை இறக்கிவிடுவார். பல வருடங்களுக்கு முன் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயம் மின்கசிவில் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மெயின் இறங்கினாலும் எந்திரம் ஓடும்படி உள்ளறைக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லி, அதைக் கூட்டத்திலும் அறிவித்தேன். அந்தக் கூட்டத்தன்று ஜாகா மலையடிவாரத் தாப்பாவில் மகள் வீட்டில் இருந்தார். எந்திரத்தை முதன்முதலாக ஓடவிட்டது இந்தத் திங்கட்கிழமைதான்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எட்டு மணிக்கே கம்போங் ராஜாவிலிருந்து எங்கள் உறுப்பினரான அக்கா ஒருவர் வந்துவிட்டார். அவர் பூக்கொட்டகை நிறையச் செவ்வந்தி வெட்டுக்கு நின்றது. சிங்கப்பூர்ப் பூ வியாபாரி ஒருவர் திங்கள் மாலை புது முகவரிக்கு ஆர்டர் அனுப்புவதாகவும், மறுநாள் பத்து மணிக்குள் எழுத்தில் உறுதி வராவிட்டால் வேறு தோட்டத்தில் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

“வந்துருச்சா தம்பி?”

அஞ்சல் பெட்டியைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவே இல்லை. உள்ளறைக்கு ஓடினேன். எந்திரம் இருட்டில் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டி, சிவப்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. அந்த முடிச்சு யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஜாகாவைக் கூப்பிட்டேன். “அண்ணே, இதக் கழட்டுனீங்களா?”

“பின்ன? மெயின எறக்கிட்டுத் திரும்புறேன், உள்ள பச்ச லைட்டு மினுக் மினுக்குங்குது. மறந்துட்டுப் போய்ட்டியேன்னு நாந்தான் கழட்டுனேன்,” என்றார் ஜாகா, நன்றியை எதிர்பார்த்த முகத்தோடு.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். “அப்ப நேத்து அனுப்புனது போச்சா?”

“போகாதுக்கா. நாம எடுக்கலன்னா அந்தப் பக்கத்து மெஷின் விட்டுவிட்டுத் தட்டிக்கிட்டே இருக்கும்.”

“எப்பத் தட்டும்?”

அதுதான் என் கையில் இல்லை. எந்திரத்தை உயிர்ப்பித்தேன். அக்கா சிங்கப்பூருக்குப் போன் போட்டார். முதலாளி வெளியே போயிருக்கிறார், எழுத்தில் வந்தால்தான் செல்லும் என்று அங்கிருந்த பெண் வைத்துவிட்டாள். ஜாகா குற்றவாளி போல மூவருக்கும் தேநீர் கலந்து கொண்டுவந்தார். அக்கா அதைக் குடித்துப் பார்த்து, “கரண்ட புடுங்குனீங்க சரி, சீனியையுமா புடுங்குனீங்க?” என்றார். அவர் கேலி பேசியதும் எனக்கு மூச்சு வந்தது.

ஒன்பதேகாலுக்குத் திரை மேலே ஒரு வரி ஏறியது. சங்கத்தின் பெயரில் வந்த முதல் ஆர்டர். சத்தமாகப் படித்தேன்: வெள்ளை, மஞ்சள், கொஞ்சம் ஊதா.

“கொஞ்சந்தானா? ஊதாதான் எங்கிட்டக் கொட்டிக் கெடக்கு! நல்லா விக்கும், கூட எடுத்துக்கிறீங்களான்னு கேட்டுப் பாரு லா.”

உறுதிக் கடிதத்தின் கடைசியில் அதையும் சேர்த்து அனுப்பினேன். இந்தக் கடிதமும் குப்பைப் பெட்டியில் விழுந்துவிட்டால் எல்லாம் வீண். மூவரும் திரையையே பார்த்தோம். பத்தாகச் சில நிமிடங்கள் இருக்கும்போது இரண்டே வரியில் பதில் வந்தது. கிடைத்தது, வெட்டலாம். ஊதா இவ்வளவு போதும்.

“போகட்டும், மீதி ஊதா கோயிலுக்கு,” என்று சிரித்தபடி அக்கா பூ வெட்டக் கிளம்பினார்.

ஜாகா மட்டும் தன் பிடியிலிருந்து இறங்கி வரவில்லை. “ஆளில்லாத பலக வீட்ல எதுவும் ஓடக் கூடாது. நீ என்ன சொன்னாலும் இன்னிக்கும் கழட்டுவேன்.” அவர் பயத்தில் நியாயம் இருந்தது. மதியம் ரிங்லெட்டுக்கு இறங்கிப் புகை பட்டால் அலறும் மணி ஒன்று வாங்கி வந்து எந்திரத்துக்கு மேலே மாட்டினேன். அவர் நம்பாமல் சாம்பிராணித் தூபக்காலைக் கொண்டுவந்து கீழே பிடித்தார். மணி போட்ட கூச்சலில் பக்கத்து லயத்து நாய்களெல்லாம் குரைத்தன. ஜாகா காதைப் பொத்திக்கொண்டு, “எங்க வீட்டு வரைக்கும் கேக்கும். சரி, ஓடட்டும்,” என்றார். மாலையில் மெயினை மட்டும் இறக்கினார்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் எனக்கு முன்பே உள்ளறையில் நின்று எந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. “லேசான சூடுதான். குளிருக்கு எதமா இருக்கு, வந்து பாரு,” என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மெயின் சுவிட்சை மேலே தள்ளினேன்.