கருப்பு கவருக்குள் என்ன

மல்லிகை ஊதுபத்தி வாசனை வந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். கோயில் பிராகாரத்தில் நின்றாலும் ஊறும், துக்க வீட்டில் நின்றாலும் ஊறும். போன வாரம் ஒரு செல்போன் கடைத் திறப்புக்குப் போயிருந்தேன். சாமி படத்துக்கு முன்னால் ஒரு கட்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எனக்கோ சங்கரா மீன் வறுபடும் வாசனை. சுற்றிலும் பார்த்தேன். ரோஜாப்பூ, கல்கண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் செல்போன்கள். மீன் எங்கும் இல்லை. மீன் என் மூக்கில் இருந்தது.

என் மூக்கு இந்த இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது செங்கல்பட்டில் நாங்கள் குடியிருக்கும் வீடு.

கீழே வீட்டுக்கார மாமி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். மாடியில் இரண்டு போர்ஷன். முன்பக்கம் நானும் மனைவியும். பின்பக்கம் சதுரங்கப்பட்டினத்தில் பிறந்த ஒரு பெண், லோடு வண்டி ஓட்டும் கணவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். அந்தப் பெண் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தார்கள். வீட்டுக்கு ஒரே நிபந்தனை, சைவம் மட்டும். தலையாட்டித்தான் எல்லோரும் மாடி ஏறினோம்.

நாங்களும் சைவமில்லை. மகாபலிபுரம் போகிற நாட்களில் கடற்கரைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சோம்பு மென்றபடி வீடு திரும்புவோம். விதியை மீறாமல் விதிக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தோம். பின்பக்கத்துப் பெண்ணால் அப்படி முடியாது. கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீன் ஹோட்டல் ஐட்டமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுவாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள், கையில் ஒரு கருப்பு கவரோடு. பின்பக்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். ஊதுபத்தி ஏறும். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, புகைக்கு அடியில் பதுங்கிப் பதுங்கி, அந்த மணம். மதியம் எங்கள் கதவு தட்டப்படும். மாடிப்படிப் பக்கம் திரும்பி உரக்கச் சொல்வாள்.

"அக்கா, புளியோதர."

டப்பாவைத் திறந்தால் வறுத்த சங்கரா. என் மனைவியும் கீழே கேட்கும்படி, "உன் புளியோதரைக்கு ஈடே இல்லடி" என்பாள்.

பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்து வருஷக்கணக்கு ஆகிறது. தடையும் இருந்தது, கவரும் இருந்தது. ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காமலும் ஒரே ஊரில் காலம் தள்ளினார்கள். பிறகு திடீரென்று கடைகளில் சோதனை ஆரம்பித்தது. மூட்டை மூட்டையாகக் கவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடலாம் என்று நகராட்சியில் ஒரு கூட்டம் போட்டார்கள். சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து பாதிப் பேர். மாமி முதல் வரிசையில், மடியில் பழைய புடவைகளில் தைத்த பைகள். பின்வரிசையில் என் மனைவி, பக்கத்தில் பின்பக்கத்துப் பெண்.

எழுதுகிறவன் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். நான் கடலைப் பற்றிப் பேசினேன். அலை கொண்டுவந்து போடும் கவர்களை, கொளவாய் ஏரியோரத்தில் வேலிமுள்ளில் மாட்டிக்கொண்டு காற்று வீசும்போதெல்லாம் மூச்சு வாங்கும் கவர்களைப் பற்றிப் பேசினேன். கை தட்டினார்கள். இன்றைக்குப் பேசச் சொன்னாலும் அதையேதான் பேசுவேன்.

அடுத்து கறிக்கடை பாய் எழுந்தார்.

"சார் கடலப் பத்தி நல்லா பேசினாரு. ஆனா கறிய துணிப்பையில போட்டா மஞ்சப்பை செவப்புப்பை ஆயிடும் சார். பஸ்ஸுல கண்டக்டரு ஏத்த மாட்டான். வூட்ல பொண்டாட்டி ஏத்த மாட்டா."

கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "பாத்திரம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க பாய்."

"சொல்றேன் சார். வேலைக்குப் போறவன் காலைல இடுப்புல குண்டான கட்டிகினா போவான்?"

பூக்காரம்மா பேசினார், ஹோட்டல்காரர் சாம்பார் பார்சலுக்காக வாதாடினார். பேச்சு சூடாகி ஆறிக்கொண்டிருந்தபோது மாமி எழுந்து ஒரு யோசனை சொன்னார். கணக்கு டீச்சரின் யோசனை, ஓட்டை இல்லாதது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையில் ஒரு மேஜை போட வேண்டும். கவரோடு வருகிறவர்களை நிறுத்தி, உள்ளே இருப்பதைத் துணிப்பைக்கு மாற்றிக் கொடுத்து, கவரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். திட்ட வேண்டாம், அபராதம் வேண்டாம், பை இலவசம்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதிகாரி குறித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"கருப்பு கவர மட்டும் தொறக்காதீங்க மாமி. அதெல்லாம் சரக்கு பார்ட்டி."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். என் மனைவி முந்தானையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன்.

"சரக்கு இல்ல சார். மீனு," என்றாள். "நான் கொண்டார்ற கவர்ல மீனு கீது. எங்கம்மா குடுக்குறது. தூக்குச்சட்டில எடுத்துகினு வரலாம், நீங்க சொல்றது வாஸ்தவம். தூக்கோட தெருவுல நடந்தா எதிர்ல வர்றவங்க எல்லாம் 'இன்னாம்மா, தூக்குல இன்னா'ன்னு நல்ல மனசோட தான் கேப்பாங்க. பொம்பள கையில கருப்பு கவரு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. மெடிக்கல்ல நமக்கு அதுல தான சுத்திக் குடுக்குறாங்க? அத நெனச்சுகினு மூஞ்ச அப்பால திருப்பிக்குவாங்க. அதுக்கு தான் சார் எனக்கு அந்தக் கவரு."

யாரோ இருமினார்கள்.

"தடை பண்ண வோணான்னு சொல்லல. எங்க ஊரு வலையில மீனும் கவரும் ஒண்ணா தான் ஏறுது. பண்ணுங்க. ஆனா மொனையில மேஜ போட்டு கவரத் தொறந்தா நான் இன்னா பண்றதுன்னும் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதிகாரி தன் தாளைப் பார்த்தார். தாளில் இதற்கு இடமில்லை போலிருக்கிறது. "நல்ல கருத்து," என்றார். "அடுத்து யாரு?" மாமி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மடியிலிருந்த பைகளின் காதுகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வந்து எத்தனையோ காலம். வராந்தாவில் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"நேக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டிருந்தியா?" என்றார் அவளிடம். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் யாராவது அத்தனை ஊதுபத்தி ஏத்துவாளா?"

"தெரிஞ்சா ஏன் மாமி ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ பதில் சொல்லணும். சொன்னா நான் ஒரு முடிவு எடுக்கணும். அதனாலதான் கேக்கல. இப்ப ஊர்க் கூட்டத்துலயே பதில் சொல்லிட்டே. இனிமே நான் கேக்காதவளா எப்படி இருக்கறது, நீயே சொல்லு."

மாமியே தொடர்ந்தார். "பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் இரு. நான் அவசரப்படுத்தல. அது வரைக்கும் இங்க சமைக்காம இரு. அவ்வளவுதான்."

"இருந்துடுவேன் மாமி. சமைக்காம இருக்குறது பெரிய விஷயம் இல்ல. ஆனா இனிமே நான் ரசம் வெச்சாலும் நீங்க மோந்து பாப்பீங்க. நீங்க மோந்து பாக்குறீங்களான்னு நான் பாத்துகினே இருப்பேன். நமக்குள்ள அது வோணாம்."

மாமி தலையசைத்தார். மறுப்பா சம்மதமா தெரியவில்லை. படியிறங்கும்போது என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் அந்தப் புளியோதரை சாப்பிட்டேளா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார். எங்களுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வீடு தேடினார்கள். செங்கல்பட்டில் வீடு தேடுவது என்றால் வாடகையைப் பேசுவதற்கு முன் ஊரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொன்னதும் தொழிலைச் சொல்ல வேண்டும், தொழிலைச் சொன்னதும் 'சொல்லி அனுப்புறோம்' என்பார்கள். கடைசியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. மகள் இனி பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும், பரீட்சை வருஷத்தில்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் பஸ் ஏறி சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி, டச்சுக் கோட்டையைச் சுற்றி நடந்து கரைக்குப் போனேன். ஈர மணலில் ஒரு கருப்பு கவர் பாதி புதைந்து கிடந்தது. காதைப் பிடித்து இழுத்தேன். உள்ளே கடல் மணல், அவ்வளவுதான். இது யார் கையில் இருந்தது, எந்தத் தெருவைக் கடந்தது, யாருடைய பார்வையை அப்பால் திருப்பியது என்று கடலுக்குத் தெரியாது. நண்டுக்கும் ஆமைக்கும் இது வெறும் கவர். மேடையில் நான் பேசியது அவற்றின் பக்கம் நின்றுதான். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு பொருளை ஊரிலிருந்து எடுக்கும்போது அது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் கேட்டதில்லை. சுமக்கிற வேலைக்குத் துணிப்பை போதும். மறைக்கிற வேலைக்கு? மறைக்கத் தேவையில்லாத தெரு வேண்டும். அதை எந்தப் புடவையில் தைப்பது?

மணலைக் கொட்டிவிட்டு கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவர்கள் கிளம்பிய காலை, கணவர் தன் வண்டியிலேயே சாமான்களை ஏற்றினார். பீரோ, கட்டில், மகளின் புத்தக மூட்டை. எல்லாவற்றுக்கும் கடைசியாக அவள் பரணிலிருந்து ஒரு மண்சட்டியை இறக்கி வந்தாள். மீன்குழம்பு வைத்து வைத்துக் கறுத்துப்போன சட்டி. இத்தனை காலமும் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. துணி எதுவும் சுற்றாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வாசலில் மாமி நின்றிருந்தார். மாம்பழக்கலர் புடவையில் தைத்த ஒரு பெரிய பையை நீட்டினார். "இது கெட்டித் துணி, கிழியாது. கொழந்தைய நன்னா படிக்கச் சொல்லு."

"சரி மாமி. முட்டிக்குத் தைலம் தேச்சுக்கங்க." பையை வாங்கிக்கொண்டாள். சட்டியை அதில் வைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

என் மனைவி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஞாயித்துக்கிழமை வரோம். என்ன கொண்டு வரட்டும்?"

மாமி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். வண்டி உறுமத் தொடங்கியது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒண்ணும் வோணாங்கா. தூக்கு மட்டும் எடுத்துகினு வாங்க, போவசொல்லோ குடுத்தனுப்புறேன். தெருவுல யாராச்சும் இன்னா கீதுன்னு கேட்டா, மீனுன்னு சொல்லுங்க."