மந்திரித்த ஓலையில் ஒரு முகமூடி

ஓசூர்க் கல்லூரி விடுதியிலிருந்து மகளை அழைத்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதற்கு முந்தின நாள்தான் கல்லூரி விழாவில் முகமெல்லாம் வண்ணம் பூசி, சிரித்தபடி எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். நானும் அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டேன். இப்போது கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, தூக்கந்தான் பத்தல" என்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போகும்போது மாமாவின் ஞாபகம் வருகிறது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மாவின் தம்பி கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் மாரண்டஹள்ளிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சொந்தங்கள் சென்ட்டும் துணியும் எதிர்பார்த்திருக்க, அவர் கொண்டுவந்தது ஒரு டாங்கோ பாட்டுக் கேசட். கப்பலில் சமையல் செய்த அர்ஜென்டினாக்காரர் அதைக் கொடுத்துப் பொருளும் சொன்னாராம். பாதிப் பாட்டுகளில் ஒரே திருவிழா. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் தொடங்குமுன் ஊரே முகமூடி போட்டு ஆடும். வண்ணக் காகிதம் பறக்கும். கோமாளி எல்லோரையும் சிரிக்க வைப்பான், அவன் விரும்பியவள் வேறொருவன் கையைப் பிடித்துப் போவாள். திருவிழாப் பாட்டு ஏன் இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று கேட்டேன்.

"வருசம் பூரா போட்டுக்கிட்டிருக்கறதுதான் வேசம் கண்ணு. அந்த மூணு நாளு முகமூடிக்குள்ளதான் நெச மூஞ்சி இருக்கும்" என்றார்.

எனக்கு முகமூடி மட்டும்தான் புரிந்தது. ஒன்று வேண்டும் என்று நச்சரித்தேன்.

நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் எங்கள் பங்குக் கோயிலில் அன்று அவசரமாக ஒரு கல்யாணம். பெண், எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த அக்கா. சாம்பலுக்காக எரிக்க வேண்டிய போன வருடம் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலைகளை உபதேசியார் வீடு வீடாக வாங்கி, எங்கள் வீட்டில் மூட்டையாக வைத்திருந்தார். மாமா காலையில் அதிலிருந்து ஒரு கை ஓலையை உருவித் தண்ணீரில் ஊறவைத்து முகமூடி பின்னினார். மந்திரித்த ஓலையில் கூத்தா என்று அம்மா திட்டினாள்.

"நாளைக்கு எரியப் போறதுதானேக்கா" என்றார்.

எனக்கென்று நான் கை நீட்ட, அவர் தன் முகத்தில் கட்டிக்கொண்டார். யாரென்று சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்.

பந்தலில் மாமா ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பந்தியிலிருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். பேண்டுக்காரரின் தொப்பியைப் பறித்து மாட்டிக்கொண்டு, மணமக்கள் முன்னால் தரைவரை குனிந்து கும்பிட்டார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "யாருங்க இது? எங்க வூட்டு ஆளா, உங்க வூட்டு ஆளா?" என்று பெண் வீட்டாரைக் கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் முகமூடியைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க மாமா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவின் முகம் நனைந்திருந்தது. "ஓலை கண்ணக் கீறிடுச்சுங்க" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். அக்கா குனிந்து மாலையில் எதையோ சரிசெய்தாள். அம்மா என்னைத் தரதரவென்று இழுத்து வந்தாள். அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை.

மறுநாள் அந்த முகமூடியும் மற்ற ஓலைகளோடு எரிந்தது. மாமா நெற்றியிலும் அக்கா நெற்றியிலும் சாமியார் ஒரே கிண்ணத்திலிருந்து சாம்பல் பூசினார். பூசை முடிந்ததும் மாமா பஸ் ஏறினார். பிறகு எங்கள் ஊருக்கு அவர் வரவே இல்லை.

நான் இழுத்த வேகத்தில்தான் ஓலை கீறியது என்று நினைத்து, அவர் கண் ஆற வேண்டுமென்று அந்தத் தவக்காலம் முழுவதும் ஜெபமாலை சொன்னேன். அன்று பந்தலில் என் கையோடு வந்த முகமூடியின் வெளிப்புறம் வெயிலில் மொரமொரவென்று காய்ந்திருந்தது. உட்புறம் ஈரமாக இருந்தது. காலையில் ஊறவைத்த தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.