பக்கெட் தண்ணீர் நீலமான காலை

போன செவ்வாய்க்கிழமை காலை நான் போட்ட அலறலில், கீழ்வீட்டு சாந்தி அக்கா தோசைக்கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தார்.

“இன்னாம்மா ஆச்சு? பாப்பா வுழுந்துட்டாளா?”

விழவில்லை. என் நான்கு வயது மகள் யாழினி குளிக்கத் தயாராக, துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். நான் பக்கெட்டைக் காட்டினேன். ஹீட்டரில் இருந்து பிடித்த வெந்நீர்... இளநீலமாக இருந்தது!

நீலத்தை ஊற்றியது நான்தான். ஆனால், ஊற்றியது கழிவுநீர் போகும் ஓட்டையில். அது எப்படி பக்கெட்டுக்கு வரும்?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். கணவருக்கு மாற்றலாகி, கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்தக் குளிர் எனக்குப் புதிது. தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். காலையில் லோ வோல்டேஜ் வேறு. ஹீட்டர் திணறும். பாதிக் குளியலில் ஷவர் ஜில்லென்று மாறினால், அன்று முழுக்க யாழினிக்கு வீசிங்தான்.

சங்கராபுரத்தில் இருந்து வரும் பிளம்பர் முருகேசனிடம் புலம்பினேன். ஏ.சி. வேலையும் தெரிந்தவர். குளித்த தண்ணீர் இறங்கும் குழாயை வெளிச்சுவரில் தொட்டுப் பார்த்தார்.

“நீங்களே தொட்டுப் பாருங்க மேடம். சூடு பூரா வீணாப் போய்க்கினு இருக்குது. கரண்ட்டைப் போட்டு சாக்கடைக்கு வெந்நீர் வெக்கிறீங்க!”

அந்தக் குழாயை ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்து, அங்கே செம்புக் குழாயை மாட்டினார். அதைச் சுற்றி மெல்லிய செம்புக் குழாயை நெருக்கமாக வளைத்தார். குளித்த வெந்நீர் உள்ளே இறங்கும். ஹீட்டருக்குப் போகும் குளிர்ந்த தண்ணீர், வெளியே அந்தச் சுற்றில் ஓடும். ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு. தண்ணீர் மட்டும் கலக்காது. ஹீட்டருக்கு வேலை கம்மி.

யாழினி ஒரு வாரம் நடுங்காமல் குளித்தாள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானா? சோப்பு நுரையும் அழுக்கும் ஒரு தகடு தூரத்தில்... எங்காவது ஓட்டை இருந்தால்? பிள்ளையின் வாய்க்குள் போனால்? மாட்டச் சொன்னதே தப்போ? மாட்டாமல் இருந்தால் மட்டும் வீசிங் வராதோ?

கடைசியில் நானே ஒரு டெஸ்ட் கண்டுபிடித்தேன். ஷவரைத் திறந்துவிட்டேன். மக்கில் சொட்டு நீலத்தைக் கலக்கி ஓட்டையில் ஊற்றினேன். ஹீட்டர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, மொண்டு பார்த்தேன். நீலம்!

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டு எழுதினேன்: ‘முருகேசன் மாட்டிய குழாயில் சாக்கடை கலக்கிறது. யாரும் மாட்டாதீர்கள்.’ அவரிடம் அதே வேலையைச் சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், உடனே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மதியம் முருகேசன் வந்து நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இத்தினி வருசமா குழாய் வேலை செய்றேன் மேடம். புள்ள குளிக்கிற தண்ணியில சாக்கடைய வுட்டவன்னு எழுதிட்டீங்களே... கலந்திருந்தா இப்பவே புடுங்கி எறிஞ்சிடறேன். காலையில செஞ்சதை அப்படியே இன்னொரு தபா செய்யுங்க.”

செய்தேன். ஷவர். மக். நீலம். ஓட்டை. பக்கெட் நிறைந்தது. சாந்தி அக்காவும் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் பக்கெட்டின் அடி பளிச்சென்று தெரிந்தது.

“மொண்டு பார்த்தாத்தான் தெரியும்...” என்று மக்கை உள்ளே விட்டேன்.

“அப்படியே நில்லுங்க மேடம்.”

மக்கின் விளிம்பில் இருந்து நீலம் நூல் நூலாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, மக்கைக் கழுவலையா?” என்றாள் யாழினி.

“அடிப்பாவி! இதுக்கா என் தோசையக் கருக வுட்டே?” என்றார் சாந்தி அக்கா.

முருகேசன் சிரிக்கவில்லை. “எங்கிட்ட சாரி வாணாம் மேடம். அதே குரூப்புல போடுங்க.”

போட்டேன். ‘தவறு என்னுடையது. குழாயில் எந்தக் குறையும் இல்லை. மக்கைக் கழுவாமல் விட்டேன். மன்னிக்கவும்.’ காலையில் என் போட்டோவுக்கு வரிசையாக ‘அய்யோ’ போட்டவர்கள், இதற்கு ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. சூடு செம்பைத் தாண்டிப் போவது போல, பயம் எவ்வளவு சுலபமாகக் கைமாறிவிடுகிறது! திரும்ப வாங்கத்தான் முடியவில்லை.

விடுவேனா? அந்த இரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். ஒருவர் உடனே முருகேசனுக்குப் போன் போட்டார். இன்னொருவர், “எதுக்கும்மா ரிஸ்க்கு?” என்றார். நான் பேசுவது போலவே இருந்தது!

அந்த இன்னொருவர், நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன் – சார், மக்கைக் கழுவிவிட்டேன். வந்து பாருங்கள்!