மரி-லூயிஸ் அளந்த துப்பாக்கி

புதுச்சேரியில் பிறந்த மரி-லூயிஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தகப்பனோடு பிரான்சுக்குக் கப்பலேறி வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் ஊரிலிருந்து வந்து அவரை அறிந்த காலத்தில் அறுபதைத் தொட்டிருந்தார். பாரிசின் லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் பக்கத்துக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கலியாணம் செய்யவில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் அதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்காமல் விடமாட்டார். கீழே சாப்பாட்டுக் கடை தொடங்கியவர்களிடம் இடியப்ப உரலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு துளை துளையாகப் பார்த்தவர்.

நான்காம் மாடியில் மகாலிங்கம் இருந்தான். எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மரி-லூயிசுக்கு முழங்கால் வருத்தம். அவருடைய காஸ் சிலிண்டரை அவன்தான் ஏற்றிக் கொடுப்பான். அதற்கு அவர் கோப்பி ஊற்றிக் கொடுப்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கோப்பி குடிக்கும்போது, தையல் ஊசிகள் போட்டு வைத்திருந்த சின்னப் பித்தளைக் குழல் ஒன்று அவன் கண்ணில் பட்டது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

“இது துவக்குக் கோது எல்லே அம்மா? உங்களிட்டை எப்பிடி வந்தது?”

“ஆமா, தோட்டாவோட வெத்துக் கூடு. நான் வேலை செஞ்சதே இதுலதான் தம்பி,” என்றார் அவர்.

பிறகு கதையைச் சொன்னார். உலகப்போர் முடிந்த கையோடு, பிரெஞ்சுப் பட்டாளத்திடம் இருந்ததெல்லாம் பல நாட்டுப் பழைய ஆயுதங்கள். ஒரே ஆள் தூக்கிச் செல்லக்கூடிய, மலிவாகச் செய்யக்கூடிய ஒரு இயந்திரத் துப்பாக்கி வேண்டுமென்று மேலிடம் கேட்டது. முன்பெல்லாம் அதன் உடலை முழு இரும்புக் கட்டியிலிருந்து குடைந்து எடுப்பார்கள். புதியதற்கு இரும்புத் தகட்டை இரண்டு பாதியாக அச்சில் அழுத்தி, பற்றவைத்தால் போதும் என்று திட்டம். தகரத் துவக்கு என்று பழைய தொழிலாளிகள் சிரித்தார்களாம்.

அதைச் செய்து பார்த்த தொழிற்சாலையில் மரி-லூயிசுக்கு அளவு பார்க்கும் வேலை. துப்பாக்கியை அவருக்குக் காட்டவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த குன்றுக்கு அப்பால் சுட்டுப் பார்ப்பார்கள். மறுநாள் வெடித்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள் மட்டும் பெட்டியில் வரும். சிலது நடுவில் வீங்கியிருக்கும், சிலது கிழிந்திருக்கும், சிலதில் அடிப்பாகமே பிய்ந்து போயிருக்கும். அவற்றை அளந்து மேலே சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கியில் கோதே பின்னால் வந்து பாரமான இரும்புக் கட்டையைத் தள்ள வேண்டும். ஆனால் வெடிக்கிற வேகத்தில் கோது, குழலின் அடியில் தான் இருந்த குழியின் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. கட்டையின் பாரத்தை மாற்றினார்கள். சுருள்வில்லை மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் கோதின் காயத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

ஒருநாள் வந்த பெட்டியில் ஒன்றுகூடக் கிழியவில்லை. ஆனால் ஒவ்வொரு கோதிலும் நெடுக்காக மெல்லிய கரிக்கோடுகள். இது என்ன கோடு என்று மேலாளரிடம் கேட்டார். உனக்குத் தேவையில்லை என்றார் மேலாளர். மறுநாளும் கேட்டார். தொல்லை தாங்காமல் அந்த மனிதர் ஒருவழியாகச் சொன்னார்: குழியின் சுவரில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள்.

“ஒரு டம்ளருக்குள்ள இன்னொரு டம்ளர் இறுகிப் போச்சுன்னா இழுத்தாலும் வராது இல்ல? நடுவுல காத்து போக வழி இருந்தா கழண்டு வந்துடும். அந்தப் பள்ளத்துல புகை போயி நிக்குது. அவ்வளவுதான் தம்பி,” என்றார் மரி-லூயிஸ். முப்பது வருசத்துக்கு மேலாகியும் அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிறவனுக்கு அது உடனே விளங்கியது. அது வேலை செய்த விதம் அவனுக்குப் பிடித்தும் இருந்தது. அப்படிப் பிடித்தது அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார். “நான் ஒரு நாளும் அது சுடுற சத்தத்தைக் கேட்டதில்ல. நீங்க ஊருல கேட்டிருப்பீங்க. எப்படி இருக்கும்?”

 தான் கேட்டது எந்தத் துவக்கு என்று தெரியாது என்றான் மகாலிங்கம். “தகரக் கூரையிலை ஆரோ கல்லுக் கொட்டின மாதிரி. கட்டிலுக்குக் கீழை படுத்திருந்து கேட்டனான். எங்கையிருந்து வருகுது எண்டதுதான் விளங்காது.”

எவ்வளவு வேகம் என்று அவர் மேலும் கேட்டார். அவன் விரலால் மேசையில் தட்டிக் காட்டப் பார்த்தான். விரல் அந்த வேகத்துக்கு ஓடவில்லை.

அதன்பின் மரி-லூயிசுக்கு அதைக் காதால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கோடையில், பாரிசுக்கு வெளியே ஒரு கோட்டையில் பட்டாளத்தார் பொதுமக்களை உள்ளே விட்ட நாளுக்குப் புறப்பட்டார். தான் வரவில்லை என்றான் மகாலிங்கம். ஆனால் அந்தக் காலோடு அவர் தனியாகப் பஸ் ஏறுவதை நினைத்துக் கூடப்போனான். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

உள்ளே அதே துப்பாக்கியில் குண்டில்லாத வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டுக் காட்டினார்கள். வெளியே இருந்த மகாலிங்கம் மதிலைப் பிடித்துக்கொண்டான். சற்று நேரத்தில் அவர் ஒரு கோதோடு வந்தார். கேட்டு வாங்கியிருக்கிறார். அதில் கரிக்கோடுகள் இருந்தன. சிப்பாய் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துத் தரப் பார்த்தானாம்.

“ஒரு பெட்டியை அளக்க எனக்கு ஒரு நாள் ஆகும் தம்பி. அது மூச்சு விடுறதுக்குள்ள தீத்துடுது,” என்றார். அதுவரை மனதுக்குள் அவர் வைத்திருந்த துப்பாக்கி ஒவ்வொரு கோதாக, நிதானமாகப் போடுகிற ஒன்று.

திரும்பி வரும் பஸ்ஸில் மகாலிங்கம் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். சந்தையிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், வழியில் சூடுபட்டு, வீடு வந்து சேரவில்லை. மரி-லூயிஸ் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போதுதான் அண்ணனின் பெயர் என்னவென்று கேட்டார். பாலச்சந்திரன் என்றான்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசையில் இறந்தவர்களுக்கான மன்றாட்டில் சேர்க்கச் சொல்லி அந்தப் பெயரைக் கொடுத்தார். மகாலிங்கம் சைவக்காரன். என்றாலும் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தான். வெள்ளைக்காரப் பாதிரியார் பெயரின் நடுவில் தடுக்கி நின்றார். முன்வரிசையிலிருந்து மரி-லூயிஸ் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பி, பெயரை முழுதாக, கோயிலுக்கே கேட்கும்படி சொன்னார்.